நீதிமான்களின் பாவம்

கதை எழுதுகிறவனுக்குக் கெட்டவர்களால் அதிகத் தொந்தரவு இல்லை. திருடனையோ, குடிகாரனையோ, கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிகிறவனையோ நாலு பக்கத்துக்குள் உயிரோடு நிறுத்திவிடலாம். தன்னிடம் ஏதோ கோணல் இருக்கிறது என்பது அவனுக்கே ஓரளவு தெரியும். அந்தத் தெரிவு ஒரு திட்டிவாசல் மாதிரி. அதன் வழியாக எழுதுகிறவன் உள்ளே நுழைந்துவிடலாம். தான் நல்லவன் என்று தெரிந்து வைத்திருக்கும் நல்லவன்தான் பேனாவுக்கு அடங்குவதில்லை. அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் எங்கும் கதவு தென்படாது. சுவர்தான், அதுவும் வெள்ளையடித்த சுவர்.

அப்படிப்பட்ட ஒருவரை நான் படித்தவற்றிலேயே மிகக் குறைந்த சொற்களில் எழுதிக் காட்டியிருப்பது, லூக்கா சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் அந்தச் சின்னக் கதைதான். மொத்தமே ஆறு வசனம். இரண்டு பேர் ஜெபம் செய்யத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். பரிசேயன் தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பதையும், வருமானத்தில் தசமபாகம் கொடுப்பதையும் எடுத்துச் சொல்கிறான். ஆயக்காரன் எட்ட நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். நீதிமானாக வீடு திரும்பியவன் இரண்டாமவன்தான் என்று இயேசு முடிக்கிறார்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிற்றுப் பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பரிசேயனை ஒரு வேஷதாரியாகவே காட்டினார்கள். நாடகம் போட்டால் அவனுக்கு நீளமான தாடியும் விறைப்பான கழுத்தும் வைப்போம். ஆனால் கதையை நிதானமாகப் படித்துப் பார்த்தால், அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உபவாசம் நிஜம், தசமபாகம் நிஜம். தன் ஒழுக்கத்துக்குக் கடவுள்தான் காரணம் என்று நன்றி கூடச் சொல்கிறான். அவன் ஜெபத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அவன் எதையும் கேட்கவில்லை. கடவுளின் சந்நிதிக்கு வந்து, ஆண்டறிக்கை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். கணக்கு சரியாக இருக்கிறது, கையொப்பமும் இட்டாயிற்று, வேறு என்ன வேண்டும்?

இந்தக் குணத்துக்கு எங்கள் சபைகளில் ‘சுயநீதி’ என்று ஒரு நல்ல பெயர் உண்டு. பிரசங்க பீடத்திலிருந்து அடிக்கடி கேட்கலாம். கேட்கும்போது ஒவ்வொருவரும் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரை நினைத்துக்கொள்வதும் வழக்கம்.

எங்கள் ஊரில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம். ஊருக்கு அவர் ‘பெரிய சார்’. பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக் கட்டியில் ஒரு துண்டுகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. சம்பளம் வாங்கியதும் பத்தில் ஒரு பங்கை எண்ணிக் கவரில் போட்டுவிட்டுத்தான் மளிகைக் கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையைப் புத்தகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார். பின்வரிசையில் நாங்கள் தடுமாறினால் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே எனக்கு அது மனப்பாடமாயிற்று.

அவருடைய ஒரே மகள், அவருக்குச் சம்மதமில்லாத வேறு சபைப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கத்தவில்லை, சாபமிடவில்லை. மகளிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் வேறொரு கவருக்குள் வைத்து, முத்து முத்தான கையெழுத்தில் விலாசம் எழுதி, தம் காசிலேயே தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். யாருக்கும் கடன்படக் கூடாது என்பது அவர் கொள்கை. பல வருஷம் இப்படி நடந்தது. அவருடைய மனைவி ஒரு நாள் எங்கள் அடுக்களை நடையில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “அவுக தப்பே பண்ண மாட்டாக, அக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

இந்தப் பயத்தின் அர்த்தம் அன்று எனக்கு விளங்கவில்லை. அதை விளக்கியது பிற்பாடு நான் படித்த ஒரு சரித்திரம். ஒரு குடும்பத்தலைவரிடம் இருக்கும்போது இந்தக் குணத்தால் சில கடிதங்கள் பிரிக்கப்படாமல் போகின்றன; ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் அழுகிறார்கள். இதே குணத்தின் கையில் நீதிமன்றமும் சிறைச்சாலையும் தூக்குமரமும் கிடைத்தால் என்ன ஆகும்? கிடைத்தது ஒரு முறை, 1692-ஆம் வருஷம், அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில்.

சேலம் என்றதும் மாம்பழம் நம் நினைவுக்கு வருவது இயற்கை. இது வேறு சேலம். வேதாகமத்தில் வரும் சாலேம் என்ற பெயரை, சமாதானம் என்று பொருள்படும் அந்தச் சொல்லை, மாசச்சூஸெட்ஸ் கடற்கரையில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் தங்கள் ஊருக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் தங்கள் மனச்சாட்சிப்படி ஆராதிக்க முடியாமல் துன்பப்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். உழைப்பாளிகள், படிப்பாளிகள். உலகத்துக்கே எடுத்துக்காட்டான ஒரு சமுதாயத்தைக் கட்டப்போகிறோம் என்று நம்பினார்கள். துன்பப்பட்டு வந்தவர்கள் பிறரைத் துன்புறுத்த மாட்டார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் 1659-க்கும் 1661-க்கும் இடையில் அவர்கள் பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த நால்வரும் கிறிஸ்தவர்கள்தாம், சற்று வேறு மாதிரிக் கிறிஸ்தவர்கள்.

1692-இன் தொடக்கத்தில் சேலம் கிராமத்துப் போதகர் வீட்டில் ஒன்பது வயதும் பதினொரு வயதுமான இரண்டு சிறுமிகளுக்கு விபரீதமான வலிப்பு வந்தது. யாரோ பில்லி சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று. யார் என்று கேட்டதும் பெயர்கள் வர ஆரம்பித்தன. முதலில் அந்த வீட்டிலேயே அடிமையாக இருந்த டிட்டுபா என்ற பெண், பிறகு பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், அப்புறம் மரியாதைக்குரிய சபை அங்கத்தினர்கள். சாரா குட்டின் நான்கைந்து வயதுக் குழந்தையைக்கூடச் சிறையில் சங்கிலியிட்டு வைத்தார்கள். சில மாதங்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். கவர்னர் வில்லியம் பிப்ஸ் ஒரு விசேஷ நீதிமன்றம் அமைத்தார். அதன் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், வேதசாஸ்திரம் படித்தவர்.

இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சியம் விசித்திரமானது. ‘இன்ன பெண்ணின் ஆவியுருவம் என்னிடம் வந்து கிள்ளியது’ என்று பாதிக்கப்பட்டவள் சொன்னால் அதுவும் சாட்சியந்தான். அந்த உருவம் வேறு யார் கண்ணுக்கும் தெரிய வேண்டியதில்லை. பிசாசு ஒரு நிரபராதியின் உருவத்தைத் திருடிக்கொண்டு வரலாமே என்று சிலர் கேட்டார்கள். கடவுள் அதை அனுமதிக்க மாட்டார் என்பது ஸ்டௌட்டனின் உறுதி. இந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மேல்பார்வைக்கு அது கடவுளின் மீது வைத்த நம்பிக்கை. ஆனால் அதன் அடியில் இருப்பது வேறு: கடவுள் நம் பக்கம் இருக்கிறார், ஆகையால் நமக்குத் தவறு நேரவே நேராது. கடவுளையே தம் தீர்ப்புக்கு ஜாமீனாக நிறுத்திய பிறகு மேல் முறையீடு எங்கே செய்வது?

ரெபெக்கா நர்ஸ் என்ற எழுபத்தொரு வயதுக் கிழவிக்கு அப்படித்தான் ஆயிற்று. பக்தி மிகுந்தவள், காது மந்தம். ஜூரிகள் முதலில் அவள் குற்றவாளி அல்ல என்றே சொன்னார்கள். அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைச் சுட்டிக் காட்டி, மறுபடி யோசிக்கும்படி ஸ்டௌட்டன் அனுப்பினார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று ஜூரிகளில் ஒருவர் கேட்டார். கேள்வி அவள் காதில் விழவில்லை. பதில் சொல்லாமல் நின்றாள். அந்த மௌனம் குற்றமாயிற்று. அவளுடைய சபை அவளை விலக்கி வைத்தது. ஜூலை 19-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. ‘ஆம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு கடைசி வரை அதிலேயே நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொன்னவர்கள் பிழைத்தார்கள். கடவுளுக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்றவர்கள் செத்தார்கள். சத்தியத்தைக் காப்பதற்கென்று கூடிய சபை, சத்தியம் பேசியவர்களைப் பொறுக்கி எடுத்துக் கொன்றது. அந்த வருஷம் செப்டம்பருக்குள் பத்தொன்பது பேர் தூக்கில் தொங்கினார்கள். வாதாட மறுத்த கிழவர் ஒருவரைக் கனமான கற்களை அடுக்கி நசுக்கினார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள்.

எல்லாவற்றிலும் என் மனத்தை விட்டு அகலாதது ஆகஸ்ட் 19-ஆம் தேதி நடந்தது. அன்று தூக்கிலிடப்பட்டவர்களில் ஜார்ஜ் பர்ரோஸ் என்பவரும் ஒருவர். அவரே ஒரு போதகர். முன்பு அதே கிராமத்தில் ஊழியம் செய்தவர். தூக்குமேடை ஏணியில் நின்றுகொண்டு, இயேசு கற்பித்த ஜெபத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னார். சூனியத்தில் சம்பந்தப்பட்டவர்களால் அந்த ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. அவர் பிழையே இல்லாமல் சொல்லி முடித்தார். கூட்டம் கலங்கிவிட்டது, பலர் அழுதார்கள். அப்போது குதிரை மேலிருந்த காட்டன் மேதர் என்ற புகழ்பெற்ற போதகர், பிசாசு ஒளியின் தூதனைப் போலவும் வேஷம் போடக் கூடும் என்று ஜனங்களுக்கு நினைவுபடுத்தினார். கூட்டம் அடங்கிற்று. வேலை தொடர்ந்தது.

தப்பாகச் சொன்னால் அது குற்றத்துக்கு அத்தாட்சி. சரியாகச் சொன்னால் அது பிசாசின் சாமர்த்தியம். இந்தத் தர்க்கத்திலிருந்து யார் தப்ப முடியும்? ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. எங்கள் கடன்களை மன்னியும், நாங்களும் மன்னிக்கிறோம் என்ற அர்த்தத்தில் வேண்டுதல் வரும் ஜெபம் அது. சாகப் போகிற ஒரு மனிதன் அதைத் தனக்காகவும் தன்னைக் கொல்கிறவர்களுக்காகவும் சேர்த்துப் பன்மையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கீழே நிற்கிறவர்களின் காதுகளோ எங்கே ஒரு சொல் இடறும் என்று காத்திருக்கின்றன. ஜெபத்தை எல்லோரும் கேட்டார்கள். உச்சரிப்பைத்தான் கேட்டார்கள்.

அக்டோபரில் கவர்னர் பிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த வருஷத் தொடக்கத்தில், மீதமிருந்த சிலருடைய தண்டனையை அவர் நிறுத்தியபோது ஸ்டௌட்டன் கோபித்துக்கொண்டு நீதிபதி ஆசனத்தை விட்டு வெளியேறினார். தேசத்தைச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுவிட்டதே என்பது அவருடைய வருத்தம்.

அவரோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சூவல். பாஸ்டன் நகரத்து வியாபாரி, ஹார்வர்டில் படித்தவர், தினந்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1696-இல் அவருடைய வீட்டில் துக்கம் மேல் துக்கமாக வந்தது. மே மாதம் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி இரண்டு வயது மகள் சாரா இறந்துபோனாள். மறுநாள் அவருடைய மகன் மத்தேயு சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பகுதியை லத்தீனில் அவருக்கு ஒப்பித்தான்.

பிள்ளை பாடம் ஒப்பிக்கும்போது தகப்பன் எதைக் கேட்பான்? பிழை வருகிறதா என்றுதான் கேட்பான். அன்று வந்த ஏழாம் வசனம், இயேசு பரிசேயர்களைப் பார்த்துச் சொல்வது. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதன் பொருள் தெரிந்திருந்தால் குற்றமற்றவர்களைக் குற்றப்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்பது அதன் கருத்து. அந்த வசனம் சேலத்துத் துயரத்தைப் பயங்கரமாக நினைவுக்குக் கொண்டுவந்தது என்று சூவல் அன்றைய குறிப்பில் எழுதினார். அவருக்கு அது புதிய வசனம் அல்ல. எத்தனையோ தடவை வாசித்தும் கேட்டும் இருப்பார். ஆனால் வீட்டில் ஒரு குழந்தையின் உடல் அடக்கத்துக்குக் காத்திருந்த அன்றுதான், பரிசேயர் என்ற சொல் தம்மைக் குறிக்கிறது என்று அவர் காதில் விழுந்தது.

1697 ஜனவரி 14-ஆம் தேதி, சேலத்தில் நடந்ததை நினைத்து மாகாணம் முழுவதும் உபவாச நாள் அனுசரித்தது. பாஸ்டன் தெற்குச் சபையில் சூவல் ஒரு காகிதத்தைப் போதகரிடம் கொடுத்தார். போதகர் அதை வாசிக்க, சபை முழுவதும் பார்க்கத் தம் இடத்தில் எழுந்து நின்றார். அந்த நீதிமன்றத்தின் குற்றத்தில் தமக்குள்ள பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்றுக்கொள்வதாகவும், கடவுளும் மனிதரும் மன்னிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. வாசித்து முடிந்ததும் தலை வணங்கி உட்கார்ந்தார். ஜூரிகளாக இருந்த பன்னிரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். 1706-இல், பன்னிரண்டு வயதில் பலர் மீது பழி சொன்ன ஆன் புட்னம் வளர்ந்த பெண்ணாகித் தன் சபையில் அதே போல எழுந்து நின்றாள். ஸ்டௌட்டன் நிற்கவில்லை. அந்த உபவாச நாள் அறிவிக்கப்பட்டபோது மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 1701-இல் சாகும் வரை தாம் செய்தது தவறு என்று அவர் சொல்லவே இல்லை.

ஆரம்ப விசாரணைகளை நடத்திய ஜான் ஹாதார்னும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட வார்த்தை வம்சத்தில் தங்கிவிடும் போலிருக்கிறது. அவருடைய கொள்ளுப் பேரனின் மகனாக 1804-இல் அதே சேலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அது வளர்ந்து எழுத்தாளனாகித் தன் குடும்பப் பெயரின் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. அவர்தான் நத்தானியேல் ஹாதார்ன். 1850-இல் வெளிவந்த ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் முன்னுரையில், முன்னோர்கள் செய்த கொடுமைக்கான வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாக அவர் எழுதினார். அந்த நாவலில் ஊரார் ஒரு பெண்ணை மேடையில் நிறுத்தி வைத்து, தங்கள் தூய்மையைத் தாங்களே மெச்சிக்கொள்கிறார்கள். அவளுடைய குற்றத்தில் பங்காளியான போதகரோ பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். தொடக்கத்தில் சொன்னேனே, வெள்ளையடித்த சுவரில் கதவு தென்படுவதில்லை என்று. அந்தச் சுவர் தம் சொந்த வீட்டுச் சுவராக இருந்ததால் ஹாதார்னுக்கு உள்ளே போக வழி தெரிந்திருந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1711-இல் குடும்பங்களுக்கு 578 பவுண்டும் சில்லறையும் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ரெபெக்கா நர்ஸை விலக்கிய சபை 1712-இல் அந்த விலக்கத்தை ரத்துச் செய்தது. எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் எல்லாப் பட்டியலிலும் விடுபட்டுப் போய், 2022-ஆம் வருஷத்தில்தான் குற்றம் நீக்கப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘நல்ல வேளை, நாம் அந்த நீதிபதிகளைப் போல இல்லை’ என்று மனம் சொல்கிறது. எனக்கும் சொல்லிற்று. சொன்ன மாத்திரத்தில் லூக்காவின் ஆறு வசனமும் திரும்பி வந்துவிட்டன. அந்தக் கதையின் பொல்லாத்தனம் அதில்தான் இருக்கிறது. பரிசேயனைப் பார்த்து, ‘நான் உன்னைப் போல இல்லை’ என்று சொல்லுகிறவன் அவனுடைய ஜெபத்தையே சொல்லிவிடுகிறான். கிறிஸ்தவர்கள் அல்லாத வாசகர்கள், இது அவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டாலும் கதை இதே மாதிரிதான் முடியும்.

கிறிஸ்தவத்துக்கு இதில் ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. மன்னிப்பை நடுவில் வைத்த மதம் அது. மன்னிக்கப்பட்டவன் என்பதே ஒரு பட்டமாக மாறிவிடலாம். இரட்சிக்கப்பட்ட தேதியை உத்தியோக நியமன உத்தரவு மாதிரிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணிவைக்கூட ஒருவன் பிறரை அளக்கும் கோலாக்கிக்கொள்ள முடியும். ஆனால் மருந்தும் வெளியே இல்லை. சூவலை அசைத்தது வேறொரு தத்துவம் அல்ல. ஸ்டௌட்டனும் வாசித்த அதே புத்தகம், அதே வசனம். ஒருவர் அதைக் கூண்டில் நிற்கிறவர்களுக்கு வாசித்தார். மற்றவருக்கு அது ஒரு நாள் தமக்கே வாசிக்கப்பட்டது.

தவறை ஒப்புக்கொண்டதால் சூவல் சிறுத்துப் போகவில்லை. 1700-இல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பின் பெயரைத் தலைப்பில் வைத்து, கறுப்பு மனிதர்களை அடிமைகளாக விற்பதும் வாங்குவதும் தவறு என்று வாதிட்டார். நியூ இங்கிலாந்தில் அடிமை முறையை எதிர்த்து அச்சான முதல் எழுத்துகளில் அதுவும் ஒன்று. அவருடைய காலத்தின் கோணல்கள் அதிலும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் 1692-இல் முதன்முதலாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தி டிட்டுபா, ஓர் அடிமை. அன்றைய பாஸ்டனில் பெரிய மனிதர்கள் வீடுகளில் அடிமைகள் வேலை செய்தார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. எழுந்து நின்று தம் குற்றத்தைக் கேட்ட மனிதருக்கு, மற்றவர்கள் கேளாத இன்னொன்றும் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது.